தானாக ஏறும் வெர்ஷன் எண்கள்

2017 மார்ச்சில், இணையதளங்கள் கட்டப் பயன்படும் அப்பாச்சி ஸ்ட்ரட்ஸில் ஒரு பெரிய ஓட்டை தெரியவந்தது. அதை அடைத்த புதிய வெர்ஷனும் உடனே கிடைத்தது. அமெரிக்காவின் ஈக்விஃபாக்ஸ் நிறுவனத்தில் ஒரு இணையதளம் மட்டும் பழைய வெர்ஷனிலேயே ஓடிக்கொண்டிருந்தது. மே மாதம் திருடர்கள் அதன் வழியே புகுந்தார்கள். ஏறக்குறைய 14.7 கோடிப் பேரின் விவரங்கள் பறிபோயின. வெர்ஷன் ஏற்றும் வேலையை மனிதர்களின் ஞாபகசக்தியிடம் விட்டுவைக்கக் கூடாது என்பதற்கு இந்த ஒரு சாட்சி போதும்.

டிபெண்டபாட், ரெனோவேட் போன்ற பாட்கள் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள்கின்றன. பேக்கேஜ் பட்டியலைப் படித்து, புதியது வந்திருந்தால் எண்ணை மாற்றிப் புல் ரிக்வெஸ்ட் போடும், பில்ட் ஓடும், டெஸ்ட் பாஸானால் பச்சை விழும். ஒவ்வொன்றாக ஏற்றுவதால் எது உடைத்தது என்பதும் அப்போதே தெரிந்துவிடும். வருஷக்கணக்கில் விட்டுவைத்து மொத்தமாக ஏற்றியவர்களுக்கு இதன் அருமை நன்றாகவே தெரியும்.

சிக்கல், பச்சை விழுந்ததும் யாரும் பார்க்காமலே மெர்ஜ் ஆகட்டும் என்று விடுவதில் இருக்கிறது. நம் கோட் பழையபடி நடக்கிறதா என்று மட்டுமே டெஸ்ட் சொல்லும். புதிதாக உள்ளே வந்த கோட் வேறென்ன செய்கிறது என்பது அதற்குத் தெரியாது. ஜாவாஸ்கிரிப்ட்டின் என்பிஎம் பேக்கேஜ்களில் இன்ஸ்டால் ஆகும்போதே ஓடும் ஸ்கிரிப்ட் இருக்கலாம். டெஸ்ட் தொடங்கும் முன்பே அது பில்ட் மெஷினில் உள்ள ரகசியச் சாவிகளைத் தொட்டுவிட முடியும்.

வெர்ஷன் எண்ணையும் அப்படியே நம்ப முடியாது. மூன்றாவது எண் மட்டும் மாறினால் அது பிழைத்திருத்தம் என்பது செமாண்டிக் வெர்ஷனிங்கின் விதி. ஆனால் 2022 ஜனவரியில் கலர்ஸ் என்ற என்பிஎம் பேக்கேஜை எழுதியவரே அதில் முடிவில்லாத லூப் ஒன்றை வைத்து வெளியிட்டார். 1.4.0 என்பது 1.4.1 ஆனது; அதை நம்பியிருந்த புரோகிராம்கள் திரை முழுக்கக் குப்பை எழுத்துகளைக் கொட்டின. விதியைக் காப்பாற்றுவது எழுதுபவரின் நேர்மை மட்டுமே, எந்தக் கருவியும் அல்ல.

ஆகவே சில நாள் பொறுப்பதுதான் சரி என்பேன். 2025 செப்டம்பரில் சாக், டீபக் போன்ற என்பிஎம் பேக்கேஜ்களில் கலந்த நச்சு வெர்ஷன்கள் சில மணி நேரத்திலேயே பிடிபட்டன. ஒரு வாரம் காத்திருக்கும்படி ரெனோவேட்டில் அமைத்திருந்தவர்களை அவை தொட்டிருக்காது. பொறுமை எல்லாவற்றுக்கும் மருந்து என்றும் சொல்ல முடியாது. 2024இல் எக்ஸ்இசட் என்ற ஃபைல் சுருக்கும் கருவியின் 5.6.0 வெர்ஷனில் ஒளித்து வைத்த பின்வாசல் ஒரு மாதத்துக்கும் மேல் யார் கண்ணிலும் படவில்லை. எஸ்எஸ்ஹெச் லாகின் அரை நொடி தாமதமாவதைக் கவனித்து, விடாமல் தோண்டிய ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற மனிதர்தான் அதைப் பிடித்தார். எந்த பாட்டும் பிடிக்கவில்லை.

பாதுகாப்புத் திருத்தங்களுக்கு மட்டும் இந்தக் காத்திருப்பு கூடாது. 2021 டிசம்பரில் ஜாவா லாகிங் லைப்ரரியான லாக்4ஜே, ஓட்டைகளை அடைக்க ஒரே மாதத்தில் 2.15.0 முதல் 2.17.1 வரை அடுத்தடுத்து ஏற வேண்டியிருந்தது. அங்கே ஒவ்வொரு நாள் தாமதமும் ஆபத்து. இந்த இரண்டு வகைக்கும் ஒரே விதியை வைத்திருக்கும் அமைப்பு தவறானது. உங்கள் ப்ராஜெக்ட்டில் ஆட்டோ மெர்ஜ் போட்டிருந்தால், பாதுகாப்புத் திருத்தங்களைத் தனி வரிசையில் பிரித்துவிட்டு, மற்றவற்றுக்கு ஒரு வாரக் காத்திருப்பை இன்றைக்கே வையுங்கள்.