ஊர் கேட்கும் கணக்கு

வெளியூரில் இரண்டு மலையாளிகள் சந்தித்துக்கொண்டால் முதலில் கேட்டுக்கொள்கிற கேள்வி, 'நாட்டில் எங்கே?' என்பது. நாம் 'ஊர்' என்று சொல்கிற இடத்தில் அவர்கள் 'நாடு' என்கிறார்கள். லீவு கிடைத்தால் 'நாட்டுக்குப் போகிறேன்' என்பார்கள். பம்பாயில் முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்து, அங்கேயே வீடு வாங்கி, பிள்ளைகளுக்குக் கல்யாணமும் செய்து முடித்த மனிதருக்குக்கூட நாடு என்பது ஒரு ஆற்றங்கரையும் ஒரு அம்பலமும் நாலு தென்னந்தோப்புமாகத்தான் இருக்கும்.

இந்த நாட்டைப் பற்றி, அதைவிட்டு வெளியே போன மலையாளிகள் எழுதிக் குவித்திருக்கிறார்கள். பத்திரிகைகளின் ஓண மலர்களைப் புரட்டினால் தெரியும். இந்த மனநிலைக்கு அவர்கள் ஒரு சொல்லே வைத்திருக்கிறார்கள்: கிருஹாதுரத்வம். வீட்டை நினைத்து நோயாளியாகிப் போவது என்று அர்த்தம் செய்துகொள்ளலாம். எனக்கு மலையாளம் எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுக்குத்தான் தெரியும். மெஸ்ஸில் உடன் சாப்பிட்ட நண்பர் ஒருவர் கற்றுக்கொடுத்தது. அந்தச் சொற்பப் படிப்பை வைத்துக்கொண்டே சொல்லிவிடலாம்: இந்த எழுத்தில் பெரும்பாலானவை ஒரே கட்டுரைதான். இடவப்பாதி மழை வரும். பாசி படிந்த குளம் வரும். ஓணத்துக்குக் கட்டிய ஊஞ்சல் வரும். பலா இலையைக் கோட்டிச் சிகப்பரிசிக் கஞ்சியை அள்ளிக் குடித்தது வரும். கடைசியில், 'அந்த நாள் இனி வராது' என்று ஒரு பெருமூச்சு.

இதைக் கேலி செய்வது என் எண்ணமல்ல. பலா இலைக் கஞ்சி நல்ல விஷயந்தான். கன்னியாகுமரி ஜில்லாவில் நம்மவர்களுக்கும் அது பழக்கமானது. 1956 வரையில் அவர்களும் திருவிதாங்கூரையும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தையும் சேர்ந்தவர்கள்தானே? ஆனால் கதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இந்தக் கட்டுரைகளைப் படிக்கும்போதெல்லாம் சில கேள்விகள் எழுகின்றன. அந்தக் கஞ்சியை யார் வைத்தார்கள்? அடுப்படியில் இருந்தவள் எத்தனை மணிக்குச் சாப்பிட்டாள்? அந்த வருஷம் நெல் போதுமானதாக இருந்ததா, கடன் வாங்கினார்களா? ஊருக்குத் திரும்பி வந்தவனைப் பார்த்து யாராவது பணம் கேட்டார்களா?

கடைசிக் கேள்விதான் முக்கியம் என்று நினைக்கிறேன். கிருஹாதுர எழுத்தில் ஊர் எப்போதும் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. மழையைக் கொடுக்கிறது, மணத்தைக் கொடுக்கிறது, பாட்டியின் அன்பைக் கொடுக்கிறது. அது எழுதுகிறவனிடம் ஒன்றும் கேட்பதில்லை. நிஜமான ஊர் அப்படியல்ல என்பது வெளியூரில் சம்பாதித்து, மாதம் பிறந்தால் வீட்டுக்குப் பணம் அனுப்புகிற ஒவ்வொருவனுக்கும் தெரியும். நிஜமான ஊர் கேட்கும். அந்தக் கேள்வியை உள்ளே அனுமதிக்கிற எழுத்து இலக்கியமாகிறது. வாசலிலேயே நிறுத்திவிடுகிற எழுத்து காலண்டர்ப் படமாக நின்றுவிடுகிறது. இதுதான் என் அபிப்பிராயம்.

இந்த அளவுகோலை முதலில் எம். டி. வாசுதேவன் நாயரின் 'நாலுகெட்டு' நாவலுக்கு வைத்துப் பார்க்கலாம். 1958ல் வெளிவந்தது. நாலு கட்டுகளும் நடுவில் முற்றமுமாக அமைந்த பழைய நாயர் தறவாட்டு வீட்டின் பெயரையே தலைப்பாகக் கொண்டதால், பலர் அதைத் தறவாட்டின் பெருமை பேசுகிற நூலாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் கதையில் என்ன நடக்கிறது? அப்புண்ணியின் தாய் தன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்டதால் வீட்டைவிட்டு வெளியேறியவள். தனக்கும் உரிமையுள்ள அந்த வீட்டில் பையன் அவமானத்தோடுதான் கால் வைக்கிறான். பிற்பாடு வயநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து, பணத்தோடு திரும்பி வந்து அதே வீட்டை விலைக்கு வாங்குகிறான். வாங்கிய பிறகு அவன் வாயிலிருந்து வருவது, இதை இடித்துவிட்டுக் காற்றும் வெளிச்சமும் வருகிற சின்ன வீடு ஒன்று கட்டவேண்டும் என்ற எண்ணம்.

வெளியே போய்த் திரும்பியவனின் கதை இது. ஆனால் பெருமூச்சு இல்லை. ஊர் தனக்குச் செய்ததையும், தான் ஊருக்குச் செலுத்தவேண்டியதையும் அப்புண்ணி கணக்குப் போட்டுத் தீர்க்கிறான். 1975ல் கேரள சட்டசபை கூட்டுக்குடும்ப முறையை ஒழிக்கும் சட்டத்தை இயற்றி, அடுத்த வருஷக் கடைசியில் அது அமுலுக்கு வந்தது. அதற்குப் பதினேழு வருஷம் முன்னாலேயே ஒரு நாவலாசிரியன் அந்த வீட்டின் தூண்களைத் தட்டிப் பார்த்து, உளுத்துவிட்டது என்று சொல்லியிருக்கிறான். அதே நாலுகெட்டுகள் பிரித்தெடுக்கப்பட்டு உல்லாச விடுதிகளில் மறுபடி பூட்டப்படுகிற காலத்தில், அவற்றைப் பார்த்துப் பரவசப்படுகிறவர்கள் அந்த நாவலின் கடைசிப் பக்கத்தை ஒருமுறை படித்துக்கொள்வது நல்லது.

ஆனாலும் 'நாலுகெட்டு' கோபத்தில் எழுந்த நூல். கோபமும் ஒருவகையில் தூரம்தான். கோபமும் இல்லாமல், ஏக்கமும் இல்லாமல், ஊருக்குத் திரும்பி வந்தவன் வீட்டு நடுவில் உட்கார்ந்துகொண்டு எழுதிய புஸ்தகம் ஒன்று மலையாளத்தில் உண்டு. வைக்கம் முகம்மது பஷீரின் 'பாத்துமாவின் ஆடு'.

பஷீர் வைக்கத்தை அடுத்த தலையோலப்பறம்பில் 1908ல் பிறந்தவர். படிக்கிற வயசில் காந்தியின் இயக்கத்தில் சேர்ந்து, உப்பு சத்தியாக்கிரகத்தில் ஜெயிலுக்குப் போனார். பிறகு பல வருஷங்கள் இந்தியா பூராவும், கடல் கடந்தும் அலைந்தார். இவர் செய்யாத தொழில் இல்லை என்று சொல்வார்கள். இப்படிப்பட்ட மனிதர் வீட்டுக்கு வந்து, கொஞ்ச நாள் நிம்மதியாக இருக்கலாம் என்று எண்ணுகிறார். கதை இதுதான். நிம்மதி கிடைக்கவில்லை என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

வீட்டில் உம்மா, தம்பிகள், தம்பிகளின் மனைவிகள், குழந்தைகள், கோழிகள், பூனைகள். பக்கத்தில் வாழ்க்கைப்பட்ட தங்கை பாத்துமா தினமும் வருவாள். அவளோடு அவளுடைய ஆடும் வரும். அந்த ஆட்டுக்கு வீட்டில் போகக்கூடாத இடம் கிடையாது. தின்னக்கூடாத பொருளும் கிடையாது. ஆசிரியருடைய 'பால்யகால சகி'யைத் தின்கிறது, 'சப்தங்க'ளையும் தின்கிறது, அடுத்தபடியாக அவர் போர்வையில் வாய் வைக்கிறது. புஸ்தகத்துக்கு வேறு பிரதி இருக்கிறது, போர்வைக்கு இல்லையே என்பதுதான் எழுத்தாளரின் கவலை! தன் எழுத்தைப் பற்றி இவ்வளவு லேசாகப் பேசிய இன்னோர் எழுத்தாளனை நான் படித்ததில்லை.

இந்த ஆட்டை ரசித்துச் சிரித்துவிட்டுப் புஸ்தகத்தை மூடிவிடுகிறவர்கள் பலர். அவர்கள் பாதிதான் படித்திருக்கிறார்கள். சிரிப்புக்கு அடியில் ஓடிக்கொண்டிருப்பது பணம். வெளியூரிலிருந்து வந்த அண்ணனிடம் பணம் இருக்கும் என்பது வீட்டாரின் நம்பிக்கை. ஒருவர் கேட்பது மற்றவருக்குத் தெரியக்கூடாது. தாய்கூடத் தனியாகத்தான் கேட்கவேண்டியிருக்கிறது. பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த தம்பி ஹனீபா, பேச்சு முற்றினால் மறுபடியும் பட்டாளத்துக்கே போய்விடுவதாகப் பயமுறுத்துகிறான். பாத்துமாவோ, ஆடு குட்டி போட்டால், பால் விற்றால், தன் கஷ்டம் விடியும் என்று கனவு காண்கிறாள். ஆடு குட்டி போடுகிறது. அவள் அறியாமல் இந்த வீட்டுப் பெண்கள் அந்தப் பாலையும் கறந்துகொள்கிறார்கள்!

இதை ஒரு கிருஹாதுரக்காரர் எழுதியிருந்தால் பால் வெள்ளையாக நுரைத்திருக்கும். பாத்துமா புன்னகை செய்திருப்பாள். ஒரு முற்போக்குக்காரர் எழுதியிருந்தால் நாலு பக்கம் பிரசங்கம் வந்திருக்கும். பஷீர் இரண்டும் செய்யவில்லை. அன்பு உள்ளவர்களே ஒருவரிடமிருந்து ஒருவர் எடுத்துக்கொள்கிறார்கள். எடுத்துக்கொள்வதற்குக் காரணம் இல்லாமை. எடுத்துக்கொண்ட பிறகும் அன்பு போய்விடவில்லை. இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொல்ல முடிந்திருக்கிறது அவரால். இந்தப் புஸ்தகத்துக்குப் 'பெண்களின் புத்தி' என்று இன்னொரு பெயரும் உண்டு. பேரைப் பார்த்துப் பரிகாசம் என்று நினைக்கவேண்டாம். போதாத அரிசியையும் போதாத பாலையும் வைத்துக்கொண்டு ஒரு கூட்டத்தை நடத்திச் செல்ல எவ்வளவு புத்தி வேண்டும் என்பதை வெளியே சுற்றிவிட்டு வந்தவன் கண்டுகொள்கிறான். உள்ளேயே இருந்த தம்பிகள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

பாஷையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இலக்கணம் படித்த தம்பி அப்துல்காதர், அண்ணனின் எழுத்தை வைத்துக்கொண்டு எழுவாய் எங்கே, பயனிலை எங்கே என்று அதட்டுகிறான். இண்டர்மீடியட்டோடு படிப்பை முடித்துக்கொண்ட எனக்கு அந்தப் பகுதியில் விசேஷமான ரஸம் உண்டு. ஆனால் விஷயம் வேடிக்கையோடு முடியவில்லை. வீட்டில் பேசுகிற பாஷையிலேயே வீட்டைப் பற்றி எழுதினால்தான் வீட்டாருக்கு அந்த எழுத்தில் இடம் இருக்கும். அழகான ஏட்டு மொழியில் எழுதினால் உம்மா விருந்தாளியாகிவிடுவாள். பஷீர் இதை அறிந்துதான் செய்தார்.

அவர் இந்நூலை எழுதியது 1954ல், மனநோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்த சமயத்தில். திருத்தி எழுதவேண்டும் என்று வைத்திருந்து, ஒன்றும் திருத்தாமலே 1959ல் வெளியிட்டார். இந்தச் செய்தி தெரிந்த பிறகு படித்தால் அந்தச் சிரிப்பின் விலை தெரியும்.

குறையே இல்லையா என்றால், எனக்கு ஒன்று உண்டு. தம்பிகள் ஒவ்வொருவரும் தனித்தனி மனிதர்களாக நிற்கிறார்கள். தம்பிமார்களின் மனைவிகளை ஒருவரிலிருந்து ஒருவரைப் பிரித்து நினைவில் வைத்துக்கொள்ள எனக்குச் சிரமமாக இருந்தது. சமையலறைப் புகைக்குள் அவர்கள் முகம் கலந்துவிடுகிறது. கதை சொல்கிறவன் கல்யாணமாகாதவன். வேண்டும்போது எழுந்து போய்விடக்கூடியவன். அந்தப் பெண்களால் அது முடியாது. பஷீர் இதைத் தொட்டுக் காட்டுகிறார். ஆனால் அதற்குள் நுழையவில்லை.

பஷீர் 1994ல் காலமானார். அதற்கு முன்னமே மலையாளியின் பயணம் திசை மாறிவிட்டது. 1970களிலிருந்து பம்பாயும் சென்னையும் பின்னுக்குப் போய், லட்சக்கணக்கில் வளைகுடா நாடுகளுக்குப் போனார்கள். மணியார்டர் போய், பாங்கு மூலம் பணம் வந்தது. பெரிய வீடுகள் எழும்பின. பல வீடுகளில் வயசானவர்கள் மட்டும் இருந்தார்கள். இந்தக் காலத்தின் நூலாக 2008ல் வந்தது பென்யாமினின் 'ஆடுஜீவிதம்'. ஊரில் ஆற்றில் மணல் வாரிக்கொண்டிருந்த நஜீப், வேலைக்கென்று சவூதி அரேபியாவுக்குப் போய், பாலைவனத்து ஆட்டுப்பட்டி ஒன்றில் அடிமையாகச் சிக்கிக்கொள்கிறான். பேச மனிதர் இல்லை. அவன் ஆடுகளுக்குத் தன் ஊரில் தெரிந்தவர்களின் பெயர்களை வைக்கிறான். பிறந்த குட்டி ஒன்றுக்கு, தனக்குப் பிறக்கப்போகும் பிள்ளைக்கென்று எண்ணியிருந்த பெயரையே வைத்துவிடுகிறான்.

இந்தக் கட்டத்தில் நான் புஸ்தகத்தைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன். வீட்டை நினைத்து ஏங்குவது என்றால் என்ன என்பதை எந்த ஓண மலரும் எனக்கு இப்படிச் சொன்னதில்லை. நஜீபுக்கு ஊர் என்பது குளமும் மழையும் மாத்திரமல்ல, அது ஆட்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற ஆட்கள். தான் பணம் அனுப்பவேண்டிய தாய், பிள்ளைத்தாய்ச்சியாக விட்டுவந்த மனைவி. அவர்கள் கேட்டதைக் கொடுக்க முடியவில்லையே என்பதுதான் அவனுடைய துக்கம். ஐம்பது வருஷ இடைவெளியில் எழுந்த இரண்டு புஸ்தகங்கள், ஆடு என்ற பிராணியைத் தவிர வேறு எதிலும் ஒற்றுமையில்லாதவை, இந்த இடத்தில் ஒன்றுசேர்கின்றன. ஒன்றில் ஊர் கேட்டுக்கொண்டே இருக்கிறது, கொடுத்து மாளவில்லை. மற்றதில் கேட்பதற்கு ஆள் அருகில் இல்லை. அதைவிடப் பெரிய தண்டனை வேறில்லை என்று தெரிகிறது.

நம்மவர்களும் டில்லிக்கும் பம்பாய்க்கும் அதற்கப்பாலும் போனவர்கள்தான். தி. ஜானகிராமன் டில்லியில் வானொலி உத்தியோகம் பார்த்தபோதும் காவிரிக்கரையைத்தான் எழுதினார், நன்றாகவே எழுதினார். ஆனால் அவருக்குப் பின்னால் காவிரியையும் வெற்றிலைத் தட்டையும் மட்டும் எடுத்துக்கொண்டு எழுதியவர்களும் உண்டு. அந்தக் கதைகளில் எனக்கு உள்ள மனக்குறை மலையாள ஓண மலர்களில் உள்ளதேதான்.

'பாத்துமாவின் ஆடு', 'ஆடுஜீவிதம்' இரண்டும் தமிழில் கிடைக்கின்றன. முதலில் பஷீரைப் படியுங்கள். உடனேயே மற்றதைப் படியுங்கள். ஊரைப் பற்றி ஒரு கதை எழுதவேண்டும் என்று எண்ணமுள்ளவர்கள், எழுதி முடித்த பிறகு அதில் யாராவது கதாநாயகனிடம் ஐந்து ரூபாயாவது கேட்கிறார்களா என்று ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள். கேட்கவில்லையென்றால் இன்னொரு முறை உட்கார்ந்து எழுதுவது நல்லது.