கணினியும் கந்தோரும்: ஊவாத் தோட்டப்புறத்தை முன்வைத்து ஒரு நோக்கு

அரச அலுவல்கள் கணினிமயமாதற்கு உத்தியோகத்தரின் மனத்தடையே முட்டுக்கட்டை என்னும் கருத்துப் பரவலாக நிலவுகின்றது. இதற்கு அரணாகக் காட்டப்படுவது பிரெட் டேவிஸ் 1989இல் முன்வைத்த தொழினுட்ப ஏற்பு மாதிரியாகும். ஒரு கருவி பயனுடையது, கையாள எளியது எனக் கருதுபவர் அதனை ஏற்பார் என்பதே அதன் சாரம். தனிமனிதரின் விருப்பை விளக்க அது போதும். ஊவாவில் கடமையாற்றும் எழுதுவினைஞரின் தயக்கத்தை விளக்கப் போதாது.

2003ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்த் தகவல், தொடர்பாடல் தொழினுட்ப முகவர் நிலையம் தோன்றிற்று. உலக வங்கிக் கடனுடன் ‘இ-ஸ்ரீலங்கா’ திட்டம் நடைபெற்றது. 1999இலேயே பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிருவாகப் பிரிவுகளாகப் பிரகடனம் பெற்றிருந்தன. பிரகடனம் தட்டச்சுச் செய்யாதே! பசறையிலும் அப்புத்தளையிலும் தமிழிலே பேசும் தொழிலாளியின் விபரங்களைச் சிங்களம் மட்டும் அறிந்த ஒருவர் பதியவேண்டிய நிலை இன்னும் நீங்கவில்லை.

பெயரை எடுத்துக்கொள்வோம். ஒரே இராமாயி பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் வேறு விதமாகவும் எழுதப்பட்டிருப்பார். ஏட்டுக் காலத்தில் சத்தியக் கடதாசி ஒன்றினால் வினைஞர் அவ்விடரைத் தீர்த்தார். கணினியோ ஓரெழுத்து மாறின் இருவர் எனக் கொள்ளும். பாமினி எழுத்துருவில் பொறித்த பெயரை யுனிகோட் தரவுத்தளத்தில் தேடினால் அகப்படாது. லயன் வீட்டுக்குத் தனி முகவரி இல்லாவிடினும் படிவம் முகவரி கேட்கும். 1948இல் குடியுரிமை இழந்து, 1964 ஒப்பந்தத்தால் பிரிவுண்டு, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருந்த மக்களுக்குப் பதிவேட்டில் ஓரெழுத்து அற்பமன்று. தவறான பதிவுக்குப் பொறுப்பாளியாகப்போகும் வினைஞர் விசையை அழுத்தத் தயங்குவது மனத்தடையாகாது, அது விவேகமே.

றிச்சாட் ஹீக்ஸ் 2003இல் வெளியிட்ட மதிப்பீடு இவ்விடத்து நோக்கற்பாலது. வளர்முக நாடுகளின் மின்னரசுத் திட்டங்களில் 35 வீதம் முற்றாகவும் 50 வீதம் பகுதியளவிலும் தோற்றன என்பது அவர் கணிப்பு. வடிவமைப்புக்கும் கள நிலைமைக்கும் இடையிலான தூரமே அதற்குக் காரணம் என்றார். ஊவாவுக்கு இது டேவிசின் மாதிரியிலும் நெருங்கிப் பொருந்துகின்றது. எனினும் ஹீக்ஸ் அளக்கச் சொன்ன தூரத்துடன் இன்னொன்றையும் அளத்தல் வேண்டும்: பிழையாகப் பதிந்த பெயரைத் திருத்தும் அதிகாரம் பதுளையில் உள்ளதா, கொழும்பில் உள்ளதா என்பது. பயிற்சி வகுப்புகளின் எண்ணிக்கையைப் பெருக்கிக் காட்டும் அறிக்கைகள் இவ்வினாவைத் தொடுவதேயில்லை.