களியைக் கைவிட்டது யார்?

ஐ.நா. 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தாலும் அறிவித்தது, கேழ்வரகுக்கு வந்த யோகம் இன்னும் குறையவில்லை. சித்தூர் - திருப்பதி சாலையில் உள்ள ஹோட்டல் பலகைகளில் ராகி சங்கடி என்ற கேழ்வரகுக் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும் முதல் வரிக்கு வந்துவிட்டன. வார இறுதியில் பெங்களூரிலிருந்து சாமி கும்பிட வருகிறவர்கள் உருண்டையைப் படம் பிடித்த பிறகுதான் கை வைக்கிறார்கள். சாப்பிடட்டும், நல்ல சாப்பாடுதான். அதோடு சேர்த்துப் பரிமாறப்படும் தத்துவத்தைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. பூமி சூடாவதற்கு உன் தட்டுதான் காரணம், நீ மாற்றிச் சாப்பிட்டால் எல்லாம் சரியாகும் என்கிறது அது. ஆந்திரத்தின் இயற்கை வேளாண்மைத் திட்டம் 2024-இல் குல்பென்கியன் பரிசு பெற்றதும், அதையும் இந்தத் தத்துவத்துக்குச் சான்றாகக் காட்டுகிறார்கள்.

மறுக்க முடியாததை முதலில் ஒப்புக்கொள்கிறேன். நெல் வயலில் தேங்கும் தண்ணீரிலிருந்து மீத்தேன் வெளியேறுகிறது. கேழ்வரகு மானாவாரியில் மூன்று நான்கு மாதத்தில் விளைந்துவிடும். நூறு கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். மாட்டிறைச்சிக்கும் பருப்புக்கும் சூழல் கணக்கில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் என்பதும் உண்மை. சோற்றைக் குப்பையில் கொட்டாமல் இருப்பது முழுக்க அவரவர் பொறுப்பு. (சைவம் என்றாலே பூமிக்கு நல்லது என்ற வாதம் திருப்பதியில் சுலபமாக எடுபடும். லட்டில் வழியும் நெய்யும் மாட்டிடமிருந்துதான் வருகிறது, மாட்டின் வயிற்றிலிருந்து மீத்தேனும் வருகிறது என்று சொன்னால் முகம் சுளிப்பார்கள்.)

சரி, சித்தூர்க்காரர் களியை விட்டுச் சோற்றுக்கு எப்படி மாறினார்? யாராவது அவருடைய மனசாட்சியைத் தட்டிக் கேட்டார்களா? 1983-இல் ஆந்திரத்தில் ஆட்சிக்கு வந்த என்.டி. ராமராவ் அரிசியைக் கிலோ 2 ரூபாய்க்குத் தந்தார். அரிசிச் சோறு பண்டிகைக்கும் விருந்தாளிக்கும் என்றிருந்த வீடுகளில் அது அன்றாடச் சோறாயிற்று. பசித்தவனுக்குச் சோறு போட்ட திட்டம் அது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சித்தூர் உள்ளிட்ட ராயலசீமையின் தட்டை மாற்றியது அரசாங்கத்தின் கிடங்கு என்பதையாவது ஒப்புக்கொள்ள வேண்டும். கூடவே ஏரிகள் தூர்ந்தன, போர்வெல்கள் ஆழம் போயின, மானாவாரி நிலத்தைக் கடலைக்காய் பிடித்தது, கடலை பொய்த்த இடத்தில் மாந்தோப்பு வந்தது. நெல்லுக்கு இருக்கும் அளவுக்குக் கொள்முதல் ஏற்பாடு கேழ்வரகுக்கு ஆந்திரத்தில் இல்லை. 2024-25-இல் குவிண்டாலுக்கு நெல்லின் ஆதரவு விலை 2,300 ரூபாய், கேழ்வரகுக்கு 4,290. காகிதத்தில் கேழ்வரகுதான் ராஜா. அந்த விலைக்கு வாங்க ஆள் வராத ஊரில் அதை விதைக்க யாருக்குப் பைத்தியம்?

களி கிண்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் 'மாற்றிச் சாப்பிடு' என்ற உபதேசத்தைக் கொஞ்சம் அடக்கித்தான் பேசுவார்கள். நொய்யைக் குழைய வேகவிட வேண்டும். நடுவில் மாவைக் குவித்து மூடி, கொதி மேலேறி மாவு வெந்ததும் பானையை இறக்கி, அசையாமல் அணைத்துப் பிடித்துக்கொண்டு துடுப்பால் கிண்ட வேண்டும். தோள் இறங்கிப் போகும். கட்டி தட்டினால் சாப்பிட உட்கார்ந்தவர்களின் முணுமுணுப்பு வேறு. சுடச்சுட, கையை நனைத்து நனைத்து உருட்ட வேண்டும். அத்தனையும் வீட்டுப் பெண்ணின் வேலை. ரேஷன் அரிசி வந்தபோது அவளுக்கு அதிலிருந்து விடுதலை கிடைத்தது. இப்போது 'பாரம்பரியத்துக்குத் திரும்புங்கள், பூமியைக் காப்பாற்றுங்கள்' என்று மேடையில் முழங்குகிறவர்களில் எத்தனை பேர் துடுப்பைப் பிடித்திருப்பார்கள்? அவர்களுக்குத் திரும்புதல் என்பது முந்நூறு ரூபாய் பில். அவளுக்கு அது மறுபடியும் தோள்வலி.

மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய 'லைஃப்' (சுற்றுச்சூழலுக்கு உகந்த வாழ்க்கைமுறை) இயக்கத்தின் பட்டியலையே எடுத்துக்கொள்வோம். தனிமனிதர் செய்யக்கூடிய 75 செயல்கள் அதில் உண்டு. சிறிய தட்டில் சாப்பிடு, வீட்டுத் தோட்டம் போடு, உள்ளூரில் பருவத்தில் விளைவதைத் தின்னு என்று போகிற வரிசையில் சிறுதானியமும் வருகிறது. எப்படி வருகிறது? அங்கன்வாடி, மதிய உணவு, ரேஷன் கடை வழியாக உணவில் சேர்க்க வேண்டுமாம்! ரேஷன் கடையில் என்ன தருவது என்பதைத் தனிமனிதரா தீர்மானிக்கிறார்? எழுதியவருக்கு வழி எது என்று தெரிந்திருக்கிறது. சுமையை யார் தலையில் ஏற்றுவது என்பதில்தான் கை தவறிவிட்டது, அல்லது வேண்டுமென்றே நழுவிவிட்டது.

'உள்ளூர், பருவம்' என்ற மந்திரத்தை 2025 கோடையில் சித்தூர் சோதித்துக் காட்டியது. கிளிமூக்கு மாங்காய், அதாவது தோத்தாபுரி, இங்கே மலைமலையாக விளைகிறது. விளைவதில் பெரும்பகுதி கூழ் ஆலைக்குப் போகும். அந்த ஆண்டு ஆலைகள் கையை விரித்தன, விலை சரிந்தது, ஆலை வாசல்களில் பழ வண்டிகள் வரிசையில் காத்துக் கிடந்தன. கிலோவுக்கு 4 ரூபாய் அரசு தரும், 8 ரூபாய் ஆலை தரவேண்டும் என்று மாநில அரசு தலையிட்டது. கர்நாடகப் பழம் உள்ளே வரக்கூடாது என்று மாவட்ட நிர்வாகம் தடை போட, கர்நாடக முதல்வர் சித்தராமையா ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடுவுக்குக் கடிதம் எழுதினார். உள்ளூர்ப் பழம், சரியான பருவம், கைக்கெட்டும் தூரம், எல்லாம் இருந்தன. மாவட்டமே மூன்று வேளையும் மாம்பழம் தின்றிருந்தாலும் அந்த வண்டிகள் காலியாகியிருக்காது. அது ஆலை, ஏற்றுமதி, விலை நிர்ணயம் சம்பந்தப்பட்ட விவகாரம். நுகர்வோரின் நற்குணத்துக்கு அங்கே வேலையே இல்லை.

இதைவிடத் தெளிவான பாடம் திருமலையில் நடந்தது. 2021 ஆகஸ்டில் திருமலை திருப்பதி தேவஸ்தான அதிகாரிகள் 'சம்பிரதாய போஜனம்' என்று ஒன்றைச் சோதனையாகத் தொடங்கினார்கள். பசுவை ஆதாரமாகக் கொண்ட இயற்கை விவசாயத்தில் விளைந்த பொருள்களில் சமைத்து, அடக்க விலைக்குத் தருவது ஏற்பாடு. விரும்புகிறவர் காசு கொடுத்துச் சாப்பிடலாம். தனிமனிதத் தேர்வு என்பதன் அசல் வடிவம் இதுதான். அந்த மாதமே அறங்காவலர் குழுத் தலைவர் சுப்பா ரெட்டி அதை நிறுத்தினார். மலையில் சாப்பாடு பிரசாதமாக இலவசமாகத்தான் தரப்படவேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். அரசியல் கணக்கும் இருந்திருக்கலாம், அது நமக்கு வேண்டாம். அதே காலத்தில் தேவஸ்தானம் ஆந்திர அரசின் ரைத்து சாதிகார சம்ஸ்தாவுடன் ஒப்பந்தம் போட்டு, இயற்கை முறையில் விளைந்ததைத் தன் சமையலுக்கே வாங்க முற்பட்டது. வெங்கமாம்பா அன்னப்பிரசாதக் கூடத்தில் ஒரே பந்தியில் 4,000 பேர் உட்காரலாம். அந்த அன்னதானத்தையும் 1985-இல் தொடங்கிவைத்தவர் ராமராவ்தான். கொள்முதல் செய்கிறவர் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், பந்தியில் உட்கார்ந்தவர் பூமியைப் பற்றி ஒரு கணம்கூட யோசிக்காமல் மண்ணுக்கு நல்லதைச் சாப்பிட்டுவிட்டுப் போவார்.

குல்பென்கியன் பரிசும் இதையேதான் சொல்கிறது. 10 லட்சம் யூரோவை மண்ணியல் அறிஞர் ரத்தன் லாலுடனும் எகிப்தின் செகம் அமைப்புடனும் பகிர்ந்துகொண்ட அந்த ஆந்திரத் திட்டத்தை நடத்துவது அரசு நிறுவனமான ரைத்து சாதிகார சம்ஸ்தா. ஊர் ஊராகப் போனவர்கள் களப்பணியாளர்கள். தோள் கொடுத்தவை மகளிர் சுயஉதவிக் குழுக்கள். 2024-க்குள் 60 லட்சம் விவசாயிகளையும் மாற்றிவிடுவோம் என்று 2018-இல் சொன்ன சொல் நிறைவேறவில்லை. ஆனாலும் லட்சக்கணக்கானோர் மாறியிருக்கிறார்கள். அவர்களை மாற்றியது ஹைதராபாதிலோ பெங்களூரிலோ ஆர்கானிக் கடையில் கூடை தூக்கியவர்களின் புண்ணியம் என்று பேசுவது, அடுத்தவர் உழைப்பில் தன் பெயரை எழுதிக்கொள்வதாகும்.

தட்டுத் தத்துவம் பரவுவதில் யாருக்கு லாபம் என்று பார்த்தால் எரிச்சல்தான் மிஞ்சுகிறது. மைதாவில் ஒரு கைப்பிடி ராகி மாவு கலந்து 'மில்லெட் பிஸ்கட்' என்று விற்கிறவருக்கு லாபம். கொள்முதல் நிலையம் திறக்காத அதிகாரிக்கு லாபம். சாப்பிட்டவருக்கும் கடமை முடிந்த திருப்தி. ராமகுப்பத்திலோ புங்கனூரிலோ கேழ்வரகு விதைக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவருக்கு ஒன்றும் கிடையாது.

தமிழ்நாடு 2023 மே மாதம் முதல் நீலகிரியிலும் தர்மபுரியிலும் ரேஷனில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தரத் தொடங்கியது. தென் கர்நாடகத்தில் அரசே விவசாயியிடம் வாங்கி அட்டைதாரருக்குத் தருகிறது. ஆந்திரத்திலும் அதே ஆண்டு மார்ச்சில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரம் மூன்று நாள் ராகி ஜாவா (கேழ்வரகுக் கஞ்சி) வந்தது, அந்த ஆண்டே ராயலசீமை ரேஷனில் அரிசியில் ஒரு பகுதிக்குக் கேழ்வரகு தரும் முயற்சியும் தொடங்கியது. அட்டைதாரர் கேட்டபோதெல்லாம் கிடைக்கும்படி அதை நிலைநிறுத்தச் சொல்லி, சித்தூரிலும் திருப்பதியிலும் நடக்கும் சிறுதானிய விழாக்களில் ஒரு தீர்மானம் போட்டுக் கொண்டுபோய் ஆட்சியரிடம் கொடுக்கலாம். சமையல் போட்டியை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளட்டும்.