கார்டிஃப் வன்முறைத் தடுப்பு ஆய்வு: ஒரு மதிப்பீடு

கார்டிஃப் மாதிரி என்பது, மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் கிடைக்கும் தகவலைக் கொண்டு நகரில் நடக்கும் வன்முறையைக் குறைக்கும் முறையாகும். வேல்ஸின் தலைநகரான கார்டிஃபில், அங்குள்ள பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வாய், முக அறுவை மருத்துவர் ஜொனாதன் ஷெப்பர்ட் இதை உருவாக்கினார். மருத்துவம், குற்றவியல், பொருளியல் ஆகிய மூன்று துறைகளும் ஒரே கேள்விக்காக ஒன்றுசேர்ந்த ஆய்வு இது. இதற்காக அவர் 2008-இல் குற்றவியலுக்கான ஸ்டாக்ஹோம் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மாணவர்கள் இந்த ஆய்வை அவசியம் படிக்க வேண்டும். ஆனால் அதிலிருந்து அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் எண்களை அப்படியே ஏற்றுக்கொள்ளக் கூடாது.

பின்புலம்

உடைந்த தாடையோடும் கண்ணாடி கிழித்த முகத்தோடும் வருபவர்களுக்கு ஷெப்பர்ட் சிகிச்சை அளித்துவந்தார். அடிபட்டு மருத்துவமனைக்கு வருபவர்களில் பெரும்பங்கினரைப் பற்றிக் காவல்துறைக்கு எதுவும் தெரிவதில்லை என்பதை 1980-களில் அவருடைய ஆய்வு காட்டியது. அடித்தவர் மீதுள்ள அச்சம், தன் நடத்தையும் விசாரிக்கப்படும் என்ற தயக்கம், அடித்தவர் யாரென்றே தெரியாத நிலை எனப் பல காரணங்களால் மக்கள் புகார் தருவதில்லை. காவல்துறைப் பதிவேட்டை மட்டும் பார்த்தால் இவர்களுக்கு நேர்ந்தது நடக்காததாகவே ஆகிவிடும்.

செயல்முறை

முறை எளியது. அவசர சிகிச்சைப் பிரிவின் வரவேற்பாளர், அடிபட்டு வந்தவரிடம் சம்பவம் எங்கே, எப்போது நடந்தது, எந்த ஆயுதத்தால் நடந்தது என்று கேட்டுக் கணினியில் பதிகிறார். தெருவின் பெயரோ மதுக்கூடத்தின் பெயரோ துல்லியமாகக் குறிக்கப்படுகிறது. பெயர், முகவரி போன்ற அடையாளங்கள் நீக்கப்பட்ட பின் இத்தகவல் காவல்துறையின் தகவலோடு சேர்க்கப்படுகிறது. மருத்துவமனை, காவல்துறை, நகர நிர்வாகம் மூன்றும் கூடி அதைப் பார்க்கின்றன. ரோந்து செல்லும் இடங்களை மாற்றுவது, கண்காணிப்புக் கேமராவை இடம் மாற்றுவது, மதுக்கூட உரிமத்தில் கட்டுப்பாடு விதிப்பது போன்ற முடிவுகள் இதிலிருந்து வருகின்றன.

முடிவுகளும் அவற்றை வாசிக்கும் முறையும்

2011-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஆய்வு, கார்டிஃபை அதையொத்த 14 நகரங்களோடு ஒப்பிட்டது. வன்முறையால் மருத்துவமனையில் சேர்க்கப்படுவோர் எண்ணிக்கை 42 விழுக்காடு குறைந்தது என்பதே அதிலிருந்து பரவலாக எடுத்துக்காட்டப்படும் முடிவு. இது பலரும் நினைக்கும் பொருளில் உண்மையல்ல. 1,00,000 பேருக்கு மாதம் 7 ஆக இருந்த சேர்க்கை கார்டிஃபில் 5 ஆனது. ஏறத்தாழ 29 விழுக்காடு வீழ்ச்சி இது. அதே காலத்தில் மற்ற நகரங்களில் அது 5-இலிருந்து 8 ஆக உயர்ந்தது. இவ்விரண்டையும் ஒப்பிட்டு, பிற காரணிகளைச் சரிசெய்து பெறப்பட்டதே 42. முயற்சி இல்லாதிருந்தால் எவ்வளவு இருந்திருக்கும் என்பதோடு ஒப்பிட்ட குறைவு அது.

காவல்துறைப் பதிவுகளைப் பார்த்தால் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகும். காயம் விளைவித்த தாக்குதல்கள் 32 விழுக்காடு குறைவு என்கிறது ஆய்வு. ஆனால் கார்டிஃபின் எண்ணிக்கை மட்டும் 54-இலிருந்து 82 ஆக உயர்ந்திருக்கிறது. ஒப்பிட்ட நகரங்களில் அது 54-இலிருந்து 114 ஆனதால்தான் கார்டிஃபின் உயர்வு "குறைவு" ஆகிறது. ஆய்வாளர்கள் இதை மறைக்கவில்லை. சுருக்கிச் சொல்பவர்களே இதை விட்டுவிடுகிறார்கள்.

பொருளாதாரக் கணக்கு

2014-இல் வெளியான தொடர் ஆய்வு, இத்திட்டத்தால் 2007-ஆம் ஆண்டில் மட்டும் 69 லட்சம் பவுண்டு மிச்சமானதாகக் கணக்கிட்டது. செலவிட்ட ஒவ்வொரு பவுண்டுக்கும் 82 பவுண்டு நன்மை என்றும் கூறியது. இங்கே இரண்டு ஐயங்கள் எழுகின்றன.

முதலாவது, இந்த 69 லட்சமும் கஜானாவுக்குத் திரும்பிய பணமல்ல. சுகாதாரத் துறையின் பங்கு 12.5 லட்சம், நீதித் துறையின் பங்கு 16.2 லட்சம். மீதியில் பெரும்பகுதி, பாதிக்கப்பட்டவரின் வலிக்கும் இழந்த உழைப்புக்கும் இடப்பட்ட மதிப்பு. அப்படி மதிப்பிடுவது தவறல்ல. ஆனால் அதைச் சேமிப்பு என்று படிப்பது தவறு.

இரண்டாவது ஐயம் இதைவிட ஆழமானது. இந்தத் தொகை, காவல்துறை பதிந்த தாக்குதல்களின் எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்டது. காவல்துறைப் பதிவேடு முழு உண்மையைச் சொல்வதில்லை என்பதே இந்த ஆய்வு மரபின் தொடக்கம். அந்தப் பதிவேட்டின் மீதே பணக்கணக்கு கட்டப்பட்டிருக்கிறது. மேலும், 2002-இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குற்றங்களைப் பதியும் விதிகள் மாறின. அதனால் பல இடங்களில் பதிவான வன்முறை கூடியது. 114 என்ற எண்ணில் உண்மையான வன்முறை எவ்வளவு, மாறிய பதிவுமுறை எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம்.

ஆய்வின் இடம்

இக்குறைகளால் ஆய்வின் மையம் தகர்வதில்லை. மருத்துவமனைச் சேர்க்கை காவல்துறையின் பதிவு விதிகளைச் சார்ந்ததல்ல. அதுவும் அதே திசையில் மாறியிருப்பது வலுவான சான்று. ஆனால் இது குலுக்கல் முறையில் நகரங்களைத் தேர்ந்து செய்த சோதனை அல்ல. தலையீடு நடந்ததும் ஒரே நகரில்தான். வீட்டுக்குள் அடிபடும் பெண், வரவேற்பு மேசையில் பலர் காதுபட இடத்தைச் சொல்வார் என்று எதிர்பார்க்க முடியாது. தெருவிலும் மதுக்கூடத்திலும் நடக்கும் வன்முறைக்கே இம்முறை இயல்பாகப் பொருந்துகிறது.

புகார் எழுதாதவரின் காயத்தையும் கணக்கில் கொண்டுவந்ததே இந்த ஆய்வின் நிலையான பங்களிப்பு. 42, 82 ஆகிய எண்களை மேற்கோள் காட்டும் மாணவர்கள், அவை எதோடு ஒப்பிட்டுப் பெறப்பட்டவை என்பதையும் எந்தப் பதிவேட்டிலிருந்து வந்தவை என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.