ஆரவாரமும் அவலமும்: தொலைக்காட்சியில் ஒரு சமய இசைநாடகம்

கூத்துக் காண வந்தோர் எங்ஙனம் இருத்தல் வேண்டும் என்னும் வினா, கூத்தைப் போலவே பழமையானது. வாய் மூடி அமர்ந்து கண்டு, இறுதியில் கைதட்டி எழுவதே பண்பாடு என்பர் ஒரு சாரார். உணர்ச்சி எழுந்த இடத்திலேயே அதனை ஒலியாக வெளியிடுதல் இயல்பு என்பர் மற்றொரு சாரார். வெறும் பொழுதுபோக்கு நாடகமாயின் எவ்வழியாயினும் கேடில்லை. ஒரு சமயத்தார் தம் உள்ளத்தில் புனிதமாகப் போற்றும் துன்ப வரலாறு மேடையேறும்போதோ, இவ்வினா எளிதில் விடை கூற இயலாததாகி விடுகிறது.

2018ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், ஈஸ்டர் ஞாயிறன்று, அமெரிக்க நாட்டு என்.பி.சி. தொலைக்காட்சி நேரடியாக ஒளிபரப்பிய 'ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டார்' என்னும் ராக் இசைநாடகம் அவ்வினாவை மீண்டும் எழுப்பியது. அன்று அவையோர் எழுப்பிய ஆரவாரம் நாடகத்துக்கு அணியா, பழுதா என்பது ஆராயத்தக்கது.

நாடகம் வந்த வழி

ஆண்ட்ரூ லாயிட் வெப்பர் இசையமைக்க, டிம் ரைஸ் பாடல் புனைந்த இப்படைப்பு, 1970இல் முதற்கண் இசைத்தட்டாகவே வெளிவந்தது. அப்போது இருவரும் இருபதுகளில் இருந்த இளைஞர்கள். ஏசுநாதரின் இறுதி நாள்களைக் கூறும் இதில் வசனம் ஏறத்தாழ இல்லை எனலாம். கதை முழுதும் பாட்டாலேயே நடைபெறுகிறது. 1971 அக்டோபரில் நியூயார்க் மாநகரின் மார்க் ஹெலிங்கர் அரங்கில் மேடையேறி, 711 முறை ஆடப்பெற்றது. 1973இல் நார்மன் ஜூவிசன் இயக்கத்தில் திரைப்படமும் ஆயிற்று.

அரங்கேறிய நாளில் வாயிலில் எதிர்ப்பாளர் திரண்டனர். யூதாசுக்குப் பரிவு காட்டுகிறது, ஏசுவை ஐயமும் அச்சமும் உடைய மனிதராக்குகிறது, உயிர்த்தெழுதலைச் சொல்லாமலே முடிகிறது என்று கிறித்தவருள் ஒரு சாரார் குறை கூறினர். ஏசுவின் சாவுக்கான பழியை யூத மக்கள்மேல் ஏற்றுகிறது என்று யூத அமைப்பினர் வருந்தினர். காலம் செய்த மாற்றம் வியப்புக்குரியது. அதே மார்க் ஹெலிங்கர் அரங்கு பின்னாளில் கிறித்தவ சபை ஒன்றன் உடைமையாகி, இன்று வழிபாட்டுக் கூடமாக விளங்குகிறது. 1971இல் அரங்கின் வாயிலில் எழுந்தது எதிர்ப்புக் குரல்; 2018இல் அரங்கினுள் எழுந்ததோ ஆரவாரக் குரல்.

அன்றைய நிகழ்ச்சி

புருக்ளின் பகுதியிலுள்ள பழைய படைப் பயிற்சிக் கூடம் ஒன்று அரங்காக மாற்றப்பட்டது. ஏறத்தாழ 1,500 பேர் நேரில் கண்டனர். இல்லங்களில் கண்டோர் ஏறத்தாழ 94 இலட்சம் பேர். ஏசுவாக ஜான் லெஜண்டு, மகதலேனா மரியாளாக சாரா பரெய்லிஸ், யூதாசாக பிராண்டன் விக்டர் டிக்சன், பிலாத்துவாக பென் டேனியல்ஸ், ஏரோதாக முதிய ராக் பாடகர் ஆலிஸ் கூப்பர் ஆகியோர் தோன்றினர். டேவிட் லெவோவும் அலெக்ஸ் ருட்சின்ஸ்கியும் இயக்கினர்.

அவையோரை இவ்வளவு பெருந்தொகையாகக் கூட்டியதற்குக் காரணம் உண்டு. 2013இல் இதே நிறுவனம் 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' நாடகத்தை அவையோர் இன்றியே நேரடியாக ஒளிபரப்பியது. ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் நிலவிய அமைதி, வெற்றிடமாகவே பலருக்குத் தோன்றியது. 2016இல் மற்றொரு நிறுவனம் 'கிரீஸ்' நாடகத்தை அவையோரோடு ஒளிபரப்பியபோது அக்குறை நீங்கியது. அப்பாடத்தை உணர்ந்தே, மேடையை ஒட்டி மக்களை நிறுத்தி, அவர்தம் குரலையும் இல்லந்தோறும் அனுப்பினர் அமைப்பாளர்.

விளைந்தது யாது? லெஜண்டு தோன்றிய அளவில் பேரொலி எழுந்தது. பாட்டுத்தோறும் கூச்சலும் சீழ்க்கையும் தொடர்ந்தன. இதனைக் குறித்து இருவகைக் குறைகள் கூறப்பட்டன. சொற்கள் ஆரவாரத்தில் அமுங்கின என்பது ஒன்று. பாட்டின் சொல்லே கதை சொல்லும் நாடகத்தில் இது சிறு குறையன்று. பாடுகளின் வரலாற்றுக்கு இத்தகைய களிப்புத் தகாது என்பது மற்றொன்று. அவ்வாரவாரமே நிகழ்ச்சிக்கு உயிரூட்டியது என்று மகிழ்ந்தோரும் பலர்.

காண்போர்க்குப் பிறக்கும் சுவை

இங்கே தமிழ் இலக்கணம் ஒரு விளக்கு ஏந்தி உதவுகிறது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடு எட்டு என்பது தொல்காப்பியம். அவ்வியலுக்கு உரை வகுத்த பேராசிரியர், அஞ்சி ஓடிவரும் ஒருவனைக் காண்பவன் நிலை யாது என ஆராய்கிறார். ஓடி வருபவன் அரிமாவைக் கண்டான். அவனைக் காண்பவனோ அரிமாவைக் கண்டிலன். அஞ்சியவனை மட்டுமே கண்டான். ஆதலின் காண்பவனுக்கு நகையோ கருணையோ பிறக்கலாமேயன்றி அவ்வச்சமே பிறவாது என்பது அவர் கருத்து.

இவ்வுண்மை புருக்ளின் அவைக்கும் பொருந்தும். கெத்செமனே தோட்டத்தில் ஏசு தம் சாவை எண்ணிக் கலங்கி இறைவனிடம் முறையிடும் பாட்டு, நாடகத்தின் உயிர்நிலை. அதன் முடிவில் அவையோர் ஆர்த்தனர். அவர்கள் ஒருவரது துன்பத்தைக் கண்டு களித்தார்கள் என்பது பொருந்தாது. அவர்கள் கண்டது ஒரு பாடகர் கடினமான பாட்டை ஏறி முடித்ததை. அவர்களுக்குப் பிறந்தவை மருட்கையும் உவகையும், அழுகை அன்று. பாத்திரமும் பாடகரும் ஓருடம்பில் நின்றபோது, அவர்கள் கண்ணுக்குப் பாடகரே முன்னின்றார். ராக் இசையரங்கின் மரபு அதுவே. ஆகவே, பண்பற்றோர் என அவர்களைப் பழித்தல் நேரிதன்று.

கூட்டமே ஒரு பாத்திரம்

இனி, படைப்பின் உள்ளே புகுந்து நோக்கினால் வேறோர் உண்மை புலப்படும். இந்நாடகத்தின் பொருளே கூட்டத்தின் இயல்பாகும். முதற்பாட்டிலேயே யூதாஸ் அஞ்சுவது யாது? ஏசுவின் அறவுரையை மக்கள் மறந்து, ஏசு என்னும் மனிதரையே கொண்டாடத் தொடங்கிவிட்டனர் என்பதே. எருசலேமுக்குள் அவர் நுழையும்போது வரவேற்றுப் பாடும் கூட்டம், முதலில் அவரிடம் புன்முறுவலை வேண்டுகிறது. பின்னர்த் தமக்காகப் போரிடுமாறு வேண்டுகிறது. இறுதியில் தமக்காக உயிர் விடுமாறே வேண்டுகிறது. மெட்டு மாறாமலே வேண்டுகோள் மாறுகிறது. நோயுற்றோர் சூழ்ந்து நெருக்குகின்றனர். அவர் தாங்கவொண்ணாது கதறுகிறார். அவர் சிறைப்பட்டதும் கூட்டம் செய்தியாளர் போல அவரைத் துருவித் துருவி வினவுகிறது. பிலாத்துவின் முன்னிலையில் சிலுவையில் அறையக் கேட்பதும் கூட்டமே. 'சூப்பர்ஸ்டார்' என்னும் பெயரே புகழ்மயக்கத்தைக் குறித்த எள்ளல் அன்றோ?

எனவே, லெஜண்டைக் கண்டு கை நீட்டி ஆர்த்த அவையோர் தாம் அறியாமலே நாடகத்தினுள் புகுந்துவிட்டனர். ஓலைக் கிளை ஏந்தி ஆர்த்த எருசலேம் மக்களின் இடத்தில் அவர்கள் நின்றனர். இது மேடையில் அமைத்த எந்தக் கூட்டத்தாலும் தர இயலாத மெய்ம்மை.

இது மிகச் செவ்வையாக அமைந்த இடம் ஏரோதின் காட்சி. ஆலிஸ் கூப்பரைக் கண்டதும் அவையோர் பழைய நண்பரைக் கண்டாற் போலக் களித்தனர். அவர் பாடியதோ, கட்டுண்டு நிற்கும் ஒருவரை அற்புதம் செய்து காட்டுமாறு எள்ளும் பாட்டு. சிரித்தோர் அனைவரும் ஏரோதின் பக்கம் நின்றே சிரித்தனர். பாட்டு முடிந்த பின், எதிரே வாய் திறவாது நிற்பவரைக் கண்டபோது, தம் சிரிப்பின் பொருளை ஒரு சிலரேனும் உணர்ந்திருத்தல் கூடும். அவையோரின் நகையையே அவலத்துக்குக் கருவியாக்கிய காட்சி அது.

குறை எங்கே?

ஆயின் நிகழ்ச்சி முழுதும் இவ்வாறு அமைந்தது எனல் இயலாது. முற்பகுதியில் ஆரவாரம் பொருத்தமானது. சிறைப்பட்ட பின்னரும் அதே ஆரவாரத்தை அதே அளவில் ஒலிக்க விட்டதே குறை. ஆர்த்த கூட்டம் கொலை வேண்டும் கூட்டமாக மாறுவதே கதை. அம்மாற்றத்தை மேடையிலுள்ளோர் நடித்தனர். அவையோரோ மாறாமல் இசை விழாவிலேயே இருந்தனர். பிலாத்து முப்பத்தொன்பது கசையடிகளை எண்ணும் கொடிய காட்சியும், அடுத்து வெள்ளியாய் மின்னும் உடையில் டிக்சன் தோன்றிப் பாடும் தலைப்புப் பாட்டும், ஒரே மகிழ்ச்சியின் இரு படிகளாக ஒலிக்கலாகாது. டிக்சனின் ஆற்றல் பலராலும் புகழப்பட்டது தகுதியே. ஆயினும் அப்பாட்டிலுள்ள வினாவின் கூர்மை களிப்பில் மழுங்கியது. பொறுப்பு அவையோருடையதன்று, எப்போது ஒலியைத் தாழ்த்துவது, எப்போது அவையை இருளில் மறைப்பது என முடிவு செய்தோருடையது.

இல்லத்தில் கண்டோர்க்கு மற்றுமோர் இடர். அவர்கள் நாடகத்தையும், நாடகம் காண்போரையும் ஒருங்கே கண்டனர். பிறர் களிப்பைத் தொலைவிலிருந்து காண்பது, உடனிருந்து களிப்பது போலாகாது. அரங்கில் நின்றவனுக்கு வெள்ளமாகத் தோன்றியது, தனியறையில் அமர்ந்தவனுக்கு இரைச்சலாகத் தோன்றிற்று. துன்பம் முதிரும் வேளையில் இடைபுகுந்த விளம்பரங்கள் இருந்த ஒருமையையும் கலைத்தன.

இறுதிக் காட்சி

இவ்வளவுக்கும் ஈடு செய்தது இறுதிக் காட்சி. நாடகத்தின் முடிவுப் பகுதிக்குப் பாட்டில்லை. கருவியிசை மட்டுமே உண்டு. அதன் பெயர், புதிய கல்லறை ஒன்று இருந்த தோட்டத்தைக் கூறும் யோவான் நற்செய்தியின் வசன எண்ணேயாகும். பின்சுவர் சிலுவை வடிவில் பிளந்து ஒளி வெள்ளமாய்ப் பாய, சிலுவையில் தொங்கும் உருவம் பின்னோக்கி மெல்ல நகர்ந்து அவ்வொளியில் மறைந்தது. உயிர்த்தெழுதலை நாடகம் சொல்லவில்லை என்பது 1971 முதலே நிலவும் குறை. அதனைச் சொல்லாமலே, நம்புவோர் உயிர்த்தெழுதலாகவும் நம்பாதோர் சாவாகவும் கொள்ளுமாறு அமைந்தது அக்காட்சி. அங்கு ஆரவாரத்துக்கு இடமே இல்லை.

அந்நிகழ்ச்சி 2018 செப்டம்பரில் ஐந்து எம்மி பரிசுகளைப் பெற்றது. பரிசுகள் அதன் திறமைக்குச் சான்று. அவையோரைக் குறித்த வழக்கோ பரிசுகளால் தீர்வதன்று. காண்போரைக் கூத்தினுள் அழைப்பவர், அவர்களை எங்கே ஆர்க்கச் செய்வது என்று அறிந்தால் மட்டும் போதாது. எங்கே நாணி வாயடைக்கச் செய்வது என்றும் அறிதல் வேண்டும். புருக்ளின் மேடை முன்னதை நன்கு அறிந்திருந்தது; பின்னதை ஏரோதின் காட்சியிலும் இறுதி ஒளியிலும் மட்டுமே அறிந்திருந்தது. அவ்விரண்டு இடங்களே அந்நிகழ்ச்சியை நினைவில் நிறுத்துவன.