அட்டைப்படத்தின் மூல ஓவியம்: விலை வேறு, மதிப்பு வேறு

மாணவர்களே, முதலில் சில எண்களைப் பாருங்க. 1997-இல் லண்டனில் ‘ஹேரி பாட்டர்’ வரிசையின் முதல் நாவல் வெளிவந்தது. கெட்டி அட்டையில் அச்சான முதல் பதிப்பு 500 படிகள்தான். அதன் அட்டைப்படத்தை வரைந்தவர் தாமஸ் டெய்லர். அப்போது அவர் 23 வயது இளைஞர். கேம்பிரிட்ஜில் ஒரு சிறுவர் புத்தகக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஓவியராக அவருக்குக் கிடைத்த முதல் வேலை அது. அந்த நீர்வண்ண ஓவியம் 2001-இல் லண்டனில் சதபீஸ் ஏலத்தில் 85,750 பவுண்டுக்குப் போனது. 2024 ஜூன் மாதம் நியூயார்க்கில் அதே நிறுவனம் மறுபடியும் ஏலம் விட்டபோது 1.92 மில்லியன் அமெரிக்க டாலருக்கு விற்றது. 600,000 டாலரைத் தாண்டாது என்றுதான் ஏலத்துக்கு முன் மதிப்பிட்டிருந்தார்கள்.

இந்த இரண்டு ஏலங்களுக்கும் இடையே ஓவியத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை. சரி, அப்போ என்னதான் கூடிச்சு? வாசகர்கள் கூடினார்கள். 2001-இல் நான்கு நாவல்கள்தான் வந்திருந்தன. 2007-இல் ஏழும் முடிந்தன. அவற்றைப் படித்து வளர்ந்த பிள்ளைகள் இன்று சம்பாதிக்கும் பெரியவர்கள். சேகரிப்பாளர் வாங்குவது ஒரு தாளை மட்டுமல்ல. அந்த மந்திரச் சிறுவனை உலகம் முதன்முதலில் கண்ட உருவத்தையும் சேர்த்துத்தான் வாங்குகிறார். விலை என்பது அந்த ‘முதல்’ என்ற சொல்லுக்குக் கொடுத்த காசு. அதனால், “இவ்வளவு விலை போயிருக்கே, அப்போ சிறந்த ஓவியமாகத்தான் இருக்கும்” என்று கட்டுரையில் எழுதிவிடாதீர்கள். அது திறனாய்வு ஆகாது.

அப்படியானால் திறனாய்வாளர் எதைப் பார்க்க வேண்டும்? அந்தப் படம் கதையை எப்படிப் படித்திருக்கிறது என்பதைத்தான். ஓவியரும் ஒரு வாசகரே. சொல்லப்போனால், நமக்கு முன்னால் கையெழுத்துப் படியைப் படித்த வாசகர்.

டெய்லர் தேர்ந்தெடுத்த காட்சியைக் கவனியுங்கள். சிவப்பு நிற நீராவி ரயிலின் பக்கத்தில் ஹேரி நிற்கிறான். வட்டக் கண்ணாடி, நெற்றித் தழும்பு, கலைந்த முடி, முகத்தில் திகைப்பு. மந்திரம் இன்னும் தொடங்கவில்லை. கோடுகள் எளிமையானவை, ரயில் பொம்மை ரயில் மாதிரி இருக்கிறது; கைதேர்ந்த ஓவியரின் வேலை என்று சொல்ல முடியாது. ஆனால் வீட்டை விட்டுப் புதுப் பள்ளிக்குப் போகும் பிள்ளையின் முகம் அதில் அப்படியே இருக்கிறது. முதலாம் ஆண்டு ஆசிரியர்களுக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும்.

அடுத்த ஆண்டு, 1998-இல், அமெரிக்கப் பதிப்பு வந்தது. மேரி கிராண்ட்ப்ரே வரைந்த அட்டையில் அதே சிறுவன் துடைப்பத்தில் ஏறிப் பறந்து, சிறகு முளைத்த தங்கப் பந்தைப் பிடிக்கக் கை நீட்டுகிறான். நாவல் ஒன்று, வாசிப்பு இரண்டு. ஒருவர் தயக்கத்தைத் தேர்ந்தெடுத்தார். மற்றவர் சாகசத்தைத் தேர்ந்தெடுத்தார். எது சரி என்று கேட்காதீர்கள். எது கதையின் எந்தப் பகுதியை முன்னால் நிறுத்துகிறது என்று கேளுங்கள்.

வாசிப்பு கதையை விட்டு விலகினால் என்ன ஆகும்? அதற்கும் இதே நூலில் சான்று இருக்கிறது. முதல் அச்சின் பின்னட்டையில் புகைக்குழாயோடு ஒரு மந்திரவாதி இருந்தார். நாவலில் அப்படி ஒரு பாத்திரமே கிடையாது. பின்னட்டைக்கு ஒரு மந்திரவாதி வேண்டும் என்று கேட்டார்கள். டெய்லர் தம் தந்தையை மனத்தில் வைத்துக் கற்பனையாக வரைந்துவிட்டார். “இவர் யார்?” என்று பிள்ளைகள் கேட்கத் தொடங்கினார்கள். பிறகு டெய்லரே டம்பிள்டோரை வரைந்து கொடுத்தார், படம் மாறியது. பிள்ளைகள் எவ்வளவு கறாரான திறனாய்வாளர்கள், பாத்தீங்களா! பனுவலில் சான்று இல்லாத விளக்கத்தை அவர்கள் ஏற்கவில்லை. தேர்வுத்தாள் திருத்துகிறவரும் அப்படித்தான்.

இனி இன்னொரு நூல். 1926-இல் வந்த ‘வின்னி த பூ’வுக்கு இ.எச். ஷெப்பர்ட் வரைந்த காட்டு வரைபடம் 2018-இல் லண்டன் ஏலத்தில் 430,000 பவுண்டுக்கு விற்றது. நூல் ஓவியம் ஒன்றுக்கு ஏலத்தில் அதுவரை யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை. அந்த வரைபடத்தைக் கதையில் வரும் சிறுவனே வரைந்தது போல, எழுத்துப்பிழைகளோடு ஷெப்பர்ட் அமைத்திருக்கிறார். தேர்ந்த ஓவியர் ஒருவர் தம் திறமையை மறைத்துக்கொண்டு ஒரு குழந்தையின் கையாக மாறினார். அதுதான் அதன் மதிப்பு; 430,000 என்பது அதன் விலை.

ஷெப்பர்ட் தம் பென்சில் வரைவுகளில் பலவற்றை 1970-களில் லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். அதனால் ஒரு கரடிப் பொம்மையின் நடை எப்படிப் படிப்படியாக உருவானது என்பதை மாணவர்களும் ஆய்வாளர்களும் இன்று பார்க்க முடிகிறது. அச்சுப் படம் முடிந்த விடையை மட்டும் காட்டும்; மூல ஓவியம் செய்முறையையும் காட்டும். அழித்த கோடு, அழுத்திய பென்சில், வண்ணம் கசிந்த ஓரம் எல்லாம் அதில் இருக்கும். தனியார் சேகரிப்பாளர்களைக் குறை சொல்ல வேண்டியதில்லை. அவர்களால் பிழைத்த ஓவியங்களும் உண்டு. ஆனால் ஒரு தலைமுறையே சேர்ந்து நேசித்த படம், பூட்டிய அறையில் ஒருவர் கண்ணுக்கு மட்டும் என்றாகிவிட்டால், அதிலிருந்து கற்கும் வாய்ப்பு மற்ற எல்லாருக்கும் போய்விடுகிறது. நாம் கவலைப்பட வேண்டியது அதற்காகத்தான்.

ஆசிரியர்களே, இதை வகுப்பில் செய்து பார்க்க மில்லியன் தேவையில்லை. ஒரே கதைக்கு வந்த இரண்டு அட்டைப்படங்கள் போதும். மூன்று கேள்விகள் கேளுங்கள்: ஓவியர் எந்தக் கணத்தைத் தேர்ந்தெடுத்தார்? அதற்குக் கதையில் எந்த வரி சான்று? எதை விட்டுவிட்டார்? அப்புறம் மாணவர்களிடம் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, தங்கள் பாடநூலில் உள்ள சிறுகதை ஒன்றுக்கு அட்டை வரையச் சொல்லுங்கள். ஏன் அந்தக் காட்சி என்பதை ஒரு பத்தியில் எழுதட்டும். வரைந்த தாளைத் திருத்தி முடித்ததும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அந்தப் பிள்ளை அந்தக் கதையை எப்படிப் படித்தது என்பதற்கு அதுதான் மூலச் சான்று.