கற்பனை உலகும் அதன் அறிவிப்பாளரும்

கதை சொல்வதும் கேட்பதும் மனிதனோடு பிறந்தவை. திருப்பாலைக்குடி போன்ற நம் கடலோர ஊர்களில் கிஸ்ஸாவை ஒருவர் இராகமிட்டுப் படிக்க, மற்றையோர் சூழ்ந்திருந்து கேட்டதுண்டு. கேட்போர்க்குக் கதையின் போக்கை மாற்றும் உரிமை இல்லை. அவ்வுரிமையையும் அளிக்கும் விளையாட்டொன்று 1974-ல் அமெரிக்காவில் வெளிவந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகியோர் ஆக்கிய 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்பது அது. மேசையைச் சுற்றி நால்வர் ஐவர் அமர்வர். நடுவர் ஒருவர் இடத்தையும் நிகழ்வையும் விவரிப்பார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரமேற்றுத் தாம் செய்வதைச் சொல்வர். வெல்லுமா தோற்குமா என்ற ஐயத்தைப் பகடை தீர்க்கும். எவரும் தனித்து எழுதாத கதை அங்கே உருவாகும்.

மறு ஆண்டே, 1975-ல், 'எம்பயர் ஆஃப் த பெட்டல் த்ரோன்' வெளிவந்தது. இயற்றியவர் முஹம்மது அப்துர் ரஹ்மான் பார்க்கர். அமெரிக்காவில் பிறந்து, இந்தியாவில் தங்கியிருந்தபோது இஸ்லாத்தைத் தழுவியவர். உருதுப் பாடநூல்களை ஆக்கியவர். மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கியவர். 'டெக்குமெல்' என்னும் அவருடைய உலகுக்கு வரலாறும் குலமுறையும் உண்டு. இலக்கணமும் எழுத்தும் உடைய மொழியும் உண்டு. ஐரோப்பியக் கோட்டைகளையே சுற்றிவந்த கற்பனைக்கு இந்திய, நடு அமெரிக்கப் பண்பாடுகளின் சாயலை ஊட்டியது அவருடைய சிறப்பு. மொழியறிஞர் படைக்கும் உலகு எத்துணை ஆழமுடையது என்பதற்கு இது சான்று.

இத்துடன் நிறுத்தினால் திறனாய்வு நிறைவுபெறாது. பார்க்கர் 2012-ல் மறைந்தார். 1991-ல் புனைபெயரில் வெளியான, நாஜிகளைப் போற்றும் 'சர்ப்பன்ட்ஸ் வாக்' என்னும் நாவல் அவர் எழுதியதே என்று டெக்குமெல் அறக்கட்டளை 2022-ல் அறிவித்தது. மக்கள் யாவரும் ஆதமின் பிள்ளைகள் எனப் போதிக்கும் மார்க்கத்தை ஏற்றவர் இதனை எழுதினார் என்பது நம் நெஞ்சை வருத்துகிறது.

எனில், அவர் படைத்த உலகைத் தள்ளிவிடுவதா? ஜாஹிலிய்யாக் கவிஞரான இம்ரஉல் கைஸின் கவிதையை நாம் மொழிக்காகப் பாடம் கேட்கிறோம். அவருடைய ஒழுக்கத்தை ஆராய்வதில்லை. ஹதீஸ் கலையிலோ அறிவிப்பாளரின் நேர்மையே முதற்கண் ஆராயப்படும். செய்தி அவர் சொல்லை நம்பி நிற்பதே காரணம். இவ்விளையாட்டு இரண்டிற்கும் இடைப்பட்டது எனலாம். கவிதையை வெளியே நின்று சுவைக்கிறோம். இங்கே ஆடுவோர் உள்ளே புகுந்து பேசுகின்றனர். அவ்வுலகில் உயர்ந்தோர் யார், பகைவர் யார் என்று வகுத்து வைத்தவர் படைத்தவரே. ஆகவே அவரை அறிந்துகொள்ளும் உரிமை ஆடுவோர்க்கு உண்டு.

அறிவிப்புத் தொடரின் குறையை மறைப்பதை ஹதீஸ் கலையினர் தத்லீஸ் என்பர். இங்கும் மறைப்பே பெருங்குற்றம். டெக்குமெல்லின் மொழித்திறத்தைக் கற்கலாம். கற்பிப்பவர் அவ்வுலகை ஆக்கியவரின் குறையையும் உடன் சொல்ல வேண்டும். அம்மேசையில் அமர்ந்து அவ்வுலகை வளர்த்த மற்றையோர் மேல் அவர் பழியைச் சுமத்துவது நீதியன்று.

நம் பிள்ளைகளும் இன்று இத்தகைய விளையாட்டுகளில் ஈடுபடக்கூடும். அவர்களைத் தடுப்பதினும், 'இவ்வுலகைப் படைத்தவர் யார்? இதில் யாரைப் பகைவராக்கியிருக்கிறார்?' என்று வினவும் பழக்கத்தை ஊட்டுவதே மேல்.